பதிவு போட நல்ல நேரம்

நீளமான இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் அமெரிக்க நிறுவனம் பிட்லி. அது சுருக்கிக் கொடுத்த முகவரியை யார் எங்கே பகிர்ந்தாலும், எத்தனை பேர் எந்த நிமிடத்தில் அதைச் சொடுக்கினார்கள் என்ற கணக்கு அதன் கையில் சேர்ந்துவிடும். 2012இல் அந்தக் கணக்கிலிருந்து ஒரு நேர அட்டவணையை அது வெளியிட்டது. ட்விட்டர் என்றால் திங்கள் முதல் வியாழன் வரை பிற்பகல் 1 மணியிலிருந்து 3 மணிக்குள் போடுங்கள், இரவு 8 மணிக்கு மேல் தவிர்த்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை 3 மணி தாண்டினால் போட்டுப் பயனில்லை. ஃபேஸ்புக் என்றால் 1 முதல் 4 வரை. வாரத்தின் உச்சம் புதன்கிழமை பிற்பகல் 3 மணி.

அந்த அட்டவணையும் அதன் வழிவந்த பல அட்டவணைகளும் உலகம் சுற்றின. நகலெடுக்கும்போது எளிதில் உதிர்ந்துபோகிற ஒரு வரி அதில் இருந்தது: இவை அமெரிக்கக் கிழக்குக் கரையின் நேரங்கள். அங்கே புதன் பிற்பகல் 3 மணி என்றால் சென்னையில் நள்ளிரவு கடந்து வியாழக்கிழமை பிறந்திருக்கும். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரும் நேரம் குறித்துத்தான் தருகிறது. அதன்படி வியாழன் 1:30 முதல் 3 வரை ராகு காலம். பிட்லியிடம் அதே ஒன்றரை மணி நேரம் சுபவேளை. இதில் நான் பஞ்சாங்கக்காரர் பக்கம். அவர் ஊருக்கு ஊர் சூரிய உதயத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்வார்.

ஆனாலும் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஒரே எழுத்து, ஒரே ஆள், நேரம் மட்டும் வேறு என்றால் அதைப் பார்ப்பவர் எண்ணிக்கை மாறுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. எவ்வளவு மாறுகிறது, ஏன் மாறுகிறது, அந்த மாற்றத்தை ஒருவர் திட்டமிட்டுப் பிடிக்க முடியுமா என்பவைதான் சிக்கல்.

மனிதர்கள் விழித்திருக்கும் ஒழுங்கிலிருந்து தொடங்கலாம். ஃபேஸ்புக் கல்லூரி மாணவர்களின் உலகமாக இருந்த ஆரம்ப காலத்துத் தகவல் பரிமாற்றங்களை ஸ்காட் கோல்டர், டென்னிஸ் வில்கின்சன், பெர்னார்டோ ஹூபர்மன் மூவரும் ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். 42 லட்சம் பேர், 26 மாதங்கள், 36 கோடிக்கும் மேற்பட்ட தகவல்கள். வெள்ளிக்கிழமை நண்பகலிலிருந்து ஞாயிறு நண்பகல் வரை பேச்சு சரிந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். விடுமுறையில்தானே நண்பர்களோடு அதிகம் பேசுவோம் என்று நினைக்கத் தோன்றும். அப்போது ஃபேஸ்புக் கணினியில் இருந்தது. கணினி படிப்பு மேசையில் இருந்தது. மேசையை விட்டு எழுந்தவர்கள் ஃபேஸ்புக்கையும் விட்டு எழுந்தார்கள். 'வெள்ளி மாலை வீண்' என்று பிட்லி அட்டவணை சொன்னதிலும் அந்த மேசையின் நிழல் விழுந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. இன்று ஃபோன் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள இடமில்லை.

கோல்டரும் மைக்கேல் மேசியும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிந்தது. 84 நாடுகளைச் சேர்ந்த 24 லட்சம் பேரின் 50 கோடி ட்விட்டர் பதிவுகளில் மனநிலை நாள் முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். காலையில் உற்சாகம் ஒருமுறை உச்சம் தொடுகிறது, பகலில் தேய்கிறது, நள்ளிரவை ஒட்டி மறுபடி எழுகிறது. வார இறுதியில் காலை உச்சம் சுமார் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. அப்போது வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்த ஐக்கிய அரபு அமீரகத்தில் அந்தத் தள்ளல் வெள்ளி, சனிக்கிழமைகளிலேயே தெரிந்தது. கிழமையின் பெயருக்கு எந்த மகிமையும் இல்லை, அலாரம் அடிக்காத நாள் எதுவோ அதுதான் கணக்கு. அவர்கள் அளந்தவை ஆங்கிலப் பதிவுகள் மட்டுமே. இதை வைத்துத் தமிழில் எழுதுபவருக்கு அட்டவணை போட்டுத் தருவது அத்துமீறல்.

அடுத்தது, போட்ட பதிவு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது. பிட்லியே 2011இல் இதை அளந்தது. ஓர் இணைப்புக்கு மொத்தமாகக் கிடைக்கப்போகும் சொடுக்குகளில் பாதி எவ்வளவு நேரத்தில் வந்துவிடுகிறது என்று பார்த்ததில், ட்விட்டரில் 2.8 மணி நேரம், ஃபேஸ்புக்கில் 3.2, யூடியூப் இணைப்புகளுக்கு 7.4. காலையில் போட்டது மதியச் சாப்பாட்டுக்குள் பாதி செத்துவிடுகிறது. அப்படியானால் எந்தக் காலையில், எந்த மதியத்தில் என்பது முக்கியமாகத்தானே வேண்டும்?

இதற்கு நான் படித்தவற்றில் மிக நேர்த்தியான விடை கபோர் சாபோவும் ஹூபர்மனும் 2010இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளத்தையும் யூடியூபையும் ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் கிடைக்கும் கவனத்தை வைத்து முப்பது நாள் கழித்து ஒரு பதிவு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியுமா என்பது அவர்கள் கேள்வி. டிக்கில் முதல் இரண்டு மணி நேரம் போதுமாக இருந்தது; யூடியூபில் அதே துல்லியத்துக்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் டிக்கில் கணக்குப் போடும்போது ஓர் இடைஞ்சல் வந்தது. நள்ளிரவில் கழியும் ஒரு மணி நேரமும் வேலை நாளின் நண்பகலில் கழியும் ஒரு மணி நேரமும் அந்தத் தளத்தில் ஒன்றல்ல. எனவே அவர்கள் கடிகாரத்தையே மாற்றினார்கள். தளம் முழுவதும் இத்தனை வாக்குகள் விழுந்தால் அது ஒரு 'டிக் மணி' என்று வைத்துக்கொண்டார்கள். பகலில் அந்தக் கடிகாரம் ஓடும், இரவில் ஊரும். அப்படி அளந்ததும் போட்ட நேரத்தால் வந்த ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கியது.

இந்த மாற்றுக் கடிகாரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கூட்டமான வேளையில் போட்டால் நிறையப் பேர் பார்க்கிறார்கள். அதே வேகத்தில் பிறர் பதிவுகளும் வந்து நம்முடையதைக் கீழே தள்ளுகின்றன. ஆளில்லாத வேளையில் போட்டால் பார்ப்பவர் குறைவு, தள்ளுபவரும் குறைவு. ஒன்றின் லாபத்தை இன்னொன்றின் நஷ்டம் தின்கிறது. 'எப்போது கூட்டம் அதிகம்?' என்று மட்டும் கேட்கும் அட்டவணைகள் இந்தக் கணக்கின் பாதியைத்தான் பார்க்கின்றன.

இத்தோடு தளம் வகுத்திருக்கும் விதியும் சேர்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் அதை மூடியே வைத்திருக்கின்றன. ரெடிட் 2008இல் தன் மென்பொருளைத் திறந்து காட்டியதால் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு பதிவின் இடத்தை அங்கே இரண்டு எண்களின் கூட்டல் தீர்மானித்தது. ஒன்று, அதன் வாக்குகளின் மடக்கை. மற்றது, பதிவு போட்ட நேரம், விநாடிக் கணக்கில், 45,000ஆல் வகுத்தது. 45,000 விநாடி என்பது பன்னிரண்டரை மணி நேரம். அதாவது, பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் வந்த பதிவு பத்து வாக்குகளோடு நிற்கும் இடத்தில் பழைய பதிவு நிற்க வேண்டுமானால் அதற்கு நூறு வாக்குகள் வேண்டும். மடக்கை என்பதால் முதல் பத்து வாக்குகள் தூக்கும் உயரமும் அடுத்த தொண்ணூறு தூக்கும் உயரமும் ஒன்றே. பள்ளிக்கூடத்தில் மடக்கை அட்டவணையைப் புரட்டியபோது இது எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு இதோ ஓர் உபயோகம். இப்படிப்பட்ட விதியில் பதிவின் தலையெழுத்து முதல் சிலர் கையில் இருக்கிறது. அந்த முதல் சிலர் எப்போது விழித்திருக்கிறார்களோ அப்போது போடுவதில் அர்த்தம் உண்டு.

முதல் சிலரின் பலம் சோதித்து அறியப்பட்டதும்கூட. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் மூவரும் 2013இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு செய்தித் தளத்தின் லட்சம் கருத்துரைகளில் கண்ணை மூடிக்கொண்டு சிலவற்றைத் தேர்ந்து, பிறந்தவுடனேயே ஒரே ஒரு ஆதரவு வாக்கு போட்டுவிட்டார்கள். அடுத்து வருபவர் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அந்தக் கருத்துரைகளின் மதிப்பீடு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. எழுத்தின் தரம் ஒரு துளியும் மாறவில்லை. எதிர்ப்பு வாக்கு போட்டுத் தொடங்கிவைத்தவற்றைக் கூட்டமே சரிசெய்துவிட்டது என்பது கூடுதல் சுவாரசியம்.

பிறகு தளங்கள் காலவரிசையைக் கைவிட்டன. ஃபேஸ்புக்கைத் திறக்கும் ஒருவருக்குக் காட்டத் தகுந்த பதிவுகள் சராசரியாக 1,500 காத்திருக்கின்றன என்று அந்நிறுவனம் 2013இல் சொன்னது. அதே ஆண்டு, ஒருவர் பார்க்காமல் விட்ட பழைய பதிவுகளைப் புதியவை போல மேலே ஏற்றிக் காட்டும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. அதற்கு முன் ஆட்கள் தமக்கு வந்ததில் 57 சதவீதத்தைப் பார்த்தார்கள், அதன் பின் 70 சதவீதம் என்றது. 2016 பிப்ரவரியில் ட்விட்டர் தேர்ந்தெடுத்த பதிவுகளை முதலில் காட்டத் தொடங்கியது. மார்ச்சில் இன்ஸ்டாகிராம், மக்கள் தங்களுக்கு வருவதில் 70 சதவீதத்தைத் தவறவிடுகிறார்கள் என்று காரணம் சொல்லி அதே வழியில் போனது. அன்றோடு 'உகந்த நேரம்' என்ற யோசனையின் முதுகெலும்பு முறிந்திருக்க வேண்டும். இரவு 11 மணிக்குப் போட்டதை வாசகர் மறுநாள் காலை 8 மணிக்கு முதல் பதிவாகப் பார்க்க முடியும் என்றால் பிறகு எதற்கு நேரம் பார்ப்பது? யூடியூப் தன் உதவிப் பக்கத்தில், வெளியிடும் நேரம் ஒரு காணொளியின் நீண்டகாலப் பார்வைகளை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்கிறது. அதே யூடியூப், உங்கள் பார்வையாளர்கள் எந்தெந்த மணிகளில் வருகிறார்கள் என்று ஊதா நிறப் பட்டைகளாக வரைந்தும் கொடுக்கிறது. நம் ஆட்கள் இரண்டாவதை மட்டும் பார்ப்பார்கள்.

அப்படியானால் எஞ்சியிருக்கும் லாபம் எவ்வளவு? இதற்கு ஒழுங்கான அளவீடு ஒன்று 2015இல் வந்தது. நேமான்யா ஸ்பாசோயெவிச்சும் சக ஆய்வாளர்களும், பொதுவான அட்டவணையை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் வாசகர்களை வைத்துத் தனி நேரம் குறித்தார்கள். ஐந்து லட்சம் பேர், இரண்டரைக் கோடிப் பதிவுகள், 56 நாள்கள். அந்த நேரங்களில் விழுந்த பதிவுகளுக்குக் கிடைத்த கூடுதல் எதிர்வினை ஃபேஸ்புக்கில் அதிகபட்சம் 17 சதவீதம், ட்விட்டரில் 4 சதவீதம். ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்தும் இவ்வளவுதான். நூறு லைக் வாங்கும் ஒருவர் நூற்றுப்பதினேழு வாங்குவார், அதுவும் நல்ல பக்கம் விழுந்தால். ஒரு பெரிய பத்திரிகைக்கு இது பணம். 2018இல் ஒரு நாளிதழின் ஃபேஸ்புக் பக்கத்தை ஓராண்டு ஆராய்ந்த வம்சி கானுரியும் சகாக்களும், காலையில் போட்ட இணைப்புகள் மதியத்தையும் மாலையையும்விட அதிகம் சொடுக்கப்படுவதைக் கண்டு, அதை ஓய்வெடுத்த மூளையின் கொள்திறனோடு இணைத்து விளக்கினார்கள். கவிதை எழுதிப் போடும் தனிமனிதருக்குப் பதினேழு லைக்கால் என்ன மாறும் என்பது அவரவர் மனசாட்சி.

சாதாரண அட்டவணைகள் இதைவிடப் பெரிய எண்களை வாக்களிக்கின்றன என்றால், அவை எண்ணும் முறையில் கோளாறு. நிறுவனங்கள் தங்கள் சிறந்த பதிவை, காசு கொடுத்து விளம்பரப்படுத்தும் பதிவை, ஏற்கெனவே உச்ச நேரம் என்று நம்பும் நேரத்தில் போடுகின்றன. பிறகு அட்டவணை போடுபவர்கள் அந்த நேரத்தின் சராசரியை எடுத்து, பார்த்தீர்களா, உச்ச நேரம் என்கிறார்கள். சராசரி என்பதே இங்கே ஏமாற்றும். ஆயிரம் பதிவில் ஒன்று தீப்பிடித்துப் பரவும். அது செவ்வாய் இரவு 9 மணிக்குப் போட்டதாக இருந்தால் செவ்வாய் இரவு 9 மணி முழுவதுமே பொன்னாகத் தெரியும்.

சராசரியைத் திருத்தினாலும் தீராத இன்னொரு சிக்கல் உண்டு. பிரையன் ஆர்தர் என்ற பொருளியலாளர் 1994இல் அதை ஒரு புதிராக எழுதினார். சாண்டா ஃபே நகரில் எல் ஃபரோல் என்றொரு மதுக்கூடம். நூறு பேருக்கு அங்கே போக ஆசை. அறுபதுக்கும் குறைவானவர்கள் வந்தால் இனிமை, அதற்கு மேல் போனால் நெரிசல். இன்று கூட்டம் இருக்காது என்று எல்லோரும் ஒரே முறையில் கணித்தால் எல்லோரும் போவார்கள், கணிப்புப் பொய்த்துவிடும். அனைவருக்கும் தெரிந்த சரியான உத்தி அங்கே இருக்கவே முடியாது. பதிவு நேரமும் அப்படித்தான். நெரிசல் இல்லாத மணியை ஒருவர் கண்டுபிடித்து ஊரைக் கூட்டிச் சொன்னதும் அந்த மணி நெரிசலாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் அட்டவணையின் மதிப்பு அதை எத்தனை பேர் நம்பவில்லையோ அதைப் பொறுத்தது.

நெரிசல் என்றால் பதிவுகளின் நெரிசல் மட்டுமல்ல, நிகழ்வுகளின் நெரிசலும்தான். தாமஸ் ஐசென்ஸேயும் டேவிட் ஸ்ட்ரோம்பெர்கும் 1968 முதல் 2002 வரை உலகெங்கும் நடந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்து, அமெரிக்க அரசு எதற்கெல்லாம் நிவாரணம் அனுப்பியது என்று பார்த்தார்கள். ஒலிம்பிக் நடக்கும் நாள்களில் நேர்ந்த பேரிடர் தொலைக்காட்சியில் இடம் பிடிக்கும் வாய்ப்புக் குறைந்தது, உதவியும் குறைந்தது. சாதாரண நாளில் கிடைக்கும் அதே வாய்ப்பைப் பெற அங்கே மூன்று மடங்கு பேர் செத்திருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கு சொல்கிறது. இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்கள் தாக்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள், பிரிட்டிஷ் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆலோசகர் ஜோ மூர், புதைக்க வேண்டிய செய்தி ஏதாவது இருந்தால் வெளியிட இது நல்ல நாள் என்ற பொருளில் சக அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அது வெளியே கசிந்தது. சில மாதங்களில் பதவி விலகினார். யாரும் பார்க்காத நேரத்தையும் தேடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரும் அரசு அறிவிப்புகளைக் கூர்ந்து படிப்பது என் பழைய பழக்கம்.

தமிழில் எழுதுபவருக்கு வேறொரு கணக்கும் உண்டு. வாசகர் ஒரே சூரியனுக்குக் கீழே இல்லை. சென்னையில் இரவு 8 மணி என்றால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 10:30, படுக்கப் போகும் நேரம். சிட்னியில் நள்ளிரவு தாண்டிவிட்டது. லண்டனில் குளிர்காலமானால் பிற்பகல் 2:30, கோடையானால் 3:30. டொரான்டோவில் காலை 9:30 அல்லது 10:30. இந்தியக் கடிகாரம் ஆண்டு முழுவதும் அசையாது, இலங்கையும் 2006 ஏப்ரலிலிருந்து அதோடு ஒத்துப்போகிறது. மேற்கே வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் முள்ளைத் திருப்புகிறார்கள். நாம் எதையும் மாற்றாமலே நம் பதிவின் நேரம் ஆண்டுக்கு இருமுறை மாறிவிடுகிறது. எல்லாத் தமிழரும் ஒருசேர விழித்திருக்கும் நேரம் வேண்டுமானால் சென்னை மாலை 6 மணி அகப்படும். டொரான்டோவில் காலைக் காப்பி, லண்டனில் மதியம், சிங்கப்பூரில் இரவுச் சாப்பாடு முடிந்த நேரம், சிட்னியில் கொட்டாவி. சென்னைதான் அப்போது கிண்டி நெரிசலில் நின்றுகொண்டிருக்கும். விழித்திருப்பது வேறு, வாசிக்க நேரம் இருப்பது வேறு. பத்து வரிக் கேலிக்குக் கிண்டி சிக்னல் போதும். இரண்டாயிரம் சொல் கட்டுரைக்குப் போதாது.

வாட்ஸாப் குழுக்கள் தனி உலகம். அங்கே தேர்ந்தெடுத்துக் காட்டும் அல்காரிதம் இல்லை, வந்தது வந்த வரிசையில் நிற்கும். விடியற்காலை அங்கே யாருடைய ஆட்சி என்று சொல்லத் தேவையில்லை. இந்தியர்களின் ஃபோன்கள் ஏன் இப்படி நிரம்பி வழிகின்றன என்று கூகுள் தேடியபோது, ரோஜாவும் சூரியனும் போட்ட 'குட் மார்னிங்' படங்கள் ஒரு முக்கியக் காரணமாகச் சிக்கின; 2018இல் அது பெரிய செய்தியானது. காலை 6 மணி அங்கே உச்ச நேரம்தான். அந்த உச்சத்தில் நம் குரல் மாமாக்களின் ரோஜாக்களுக்கு அடியில் போய்விடும்.

நேரத்தை உண்மையாகவே அறிய விரும்புபவருக்கு வழி இல்லாமலில்லை. இரண்டு நேரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், காலை 7, இரவு 9 என்று. எந்தப் பதிவு எந்த நேரத்துக்கு என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், நாணயத்தைச் சுண்டுங்கள். நல்ல பதிவை நமக்குப் பிடித்த நேரத்துக்கு ஒதுக்கும் கைத்தந்திரம் அப்போதுதான் அடைபடும். ஐம்பது அறுபது பதிவு சேர்ந்ததும் சராசரியை விட்டுவிட்டு, வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். எதை எண்ணுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். லைக்கா, பகிர்வா, நின்று நிதானமாக எழுதப்பட்ட பின்னூட்டமா? மூன்றும் மூன்று வெவ்வேறு மணிகளைக் காட்டக்கூடும். பலருக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். அதுவும் ஒரு முடிவுதான். ஷெட்யூல் போடும் செயலிக்குக் கட்டும் சந்தா மிச்சம்.

இவ்வளவும் எப்போது சொன்னாலும் கெடாத விஷயங்களுக்கு. சில பதிவுகளுக்கு நேரத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, விஷயமே கொண்டுவருகிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை மூழ்கியபோது, மாடியில் சிக்கியவர்களின் முகவரிகளும் படகு கேட்கும் வேண்டுகோள்களும் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸாப்பிலும் ஓடின. உச்ச நேரம் பார்த்து யாரும் அவற்றைப் போடவில்லை. அங்கே எழுந்த தொல்லை எதிர்த் திசையிலிருந்து வந்தது. மீட்கப்பட்டுவிட்டவர்களின் வேண்டுகோள்கள் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்பப் பகிரப்பட்டு, தன்னார்வலர்களை ஆளில்லாத வாசல்களுக்கு அனுப்பின. இப்போதைய தளங்கள் பழைய பதிவை விரும்பியபோது மேலே ஏற்றிக் காட்டும். வாட்ஸாப்பில் முன்னனுப்பும்போது முதன்முதலில் எழுதிய நேரம் கழன்றுவிடும். ஆகவே புயல் எச்சரிக்கை, ரத்தம் தேவை, காணாமல் போன குழந்தை என்று எதை எழுதினாலும் முதல் வரியிலேயே தேதியையும் மணியையும் எழுதிவிட வேண்டும். படமாகப் போட்டால் படத்துக்குள்ளேயே எழுத வேண்டும். தேவை தீர்ந்ததும் அதே பதிவைத் திருத்தி, தீர்ந்தது என்று, அதையும் மணியோடு, சேர்க்க வேண்டும்.